தேன் வந்த போத்தல்

சம்மாந்துறை
09.03.1981

ஸம்ஸியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம் விசாரிக்க எழுதவில்லை. காதிக் கோட்டிலிருந்து காதியாரின் நோட்டீஸ் நேற்றுக் கைக்கு வந்தது. காலிதீன் என்பவர், அதாவது நான், மதுப் பழக்கத்துக்கு ஆளாகி, மார்க்கத்துக்கும் குடும்பத்துக்கும் ஒவ்வாத நடத்தையில் இருப்பதால், பஸஹ் முறைப்படி இந்தத் திருமணத்தை முறித்துத் தர வேண்டுமாம். கீழே உன் கையெழுத்து. மகள் சுபைறாவின் பள்ளிக் கொப்பிகளில் பெயர் எழுதிக் கொடுப்பாயே, அதே வடிவான கையெழுத்து.

நான் பாத்தும்மா ராத்தாவின் முன் விறாந்தையில் கிடக்கிறேன். நம் பக்கத்து ஆண்பிள்ளைக்கு ஏது வீடு? பிறந்த வீடு ராத்தாவுக்குச் சீதனமாகப் போயிற்று. புகுந்த வீட்டிலிருந்து உன் கூடப்பிறந்த காக்கா மீராசாஹிபு என்னை இறக்கிவிட்டார். அறுநூறு ஏக்கருக்குத் தண்ணீர் பிரித்துக் கொடுக்கிற வட்டை விதானைக்குக் கால் நீட்ட ஒரு பாய்தான் மிச்சம்.

மறுபடியும் சொல்கிறேன், இந்த முறை எழுத்தில். மூன்று வருடமாக எனக்கு இந்த வியாதி. மூத்திரம் பெய்து முடிந்த கையோடு நெஞ்சு அடித்துக்கொள்ளும். பிடரியில் உலக்கையால் இடித்த மாதிரித் தலை வலிக்கும். வேர்த்து ஊற்றும், கை நடுங்கும், சில நேரம் வாந்தி வரும். கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். அந்தப் பயத்தில் தண்ணீர் குடிப்பதையே குறைத்தேன். வயிறு வீங்கும் வரை அடக்கிக்கொண்டு திரிந்தேன். பட்டணத்து டிஸ்பென்சரிக்காரர் நரம்புத் தளர்ச்சி என்று வைட்டமின் தந்தார். உன்னிடம் சொன்னேன், நீ சிரித்தாய். உன் காக்காவிடம், வெட்கத்தை விட்டு, சொன்னேன். "ஊருலகமெல்லாம் பெய்யுது, உனக்கு மட்டுந்தான் தலை வெடிக்குதோ?" என்று கேட்டார்.

கந்தூரியன்று என் சைக்கிள் பையில் அவர் எடுத்த போத்தல் சாராயப் போத்தல்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது நம் வீட்டுக்கு வந்தது தேனோடு. சம்மாந்துறைச் சந்தையில் நீயே வாங்கிய தேன். பயிருக்கு மருந்தடித்த வாய்க்கால் தண்ணீரில், பெய்துவிட்டுக் கழுவினால் புண்ணாகிறது என்று, அதில் நம் கிணற்றுத் தண்ணீரை வயலுக்குக் கொண்டுபோவேன். கழுவிச் சுத்தமாகாமல் எப்படி நடுப்பகலில் லுஹர் தொழுவது?

அன்று அந்தப் போத்தலைக் கையில் எடுத்தவள் நீ. அதில் இருந்தது என்ன என்று காதியாரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் கேட்பது அவ்வளவுதான்.

காலிதீன்


கல்முனைக்குடி
16.03.1981

மச்சானுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நீங்கள் என் மாமியின் மகன், காதியார் எதை முறித்தாலும் அதை முறிக்க முடியாது. அதனால் மச்சான் என்றே எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தில் எல்லாம் உங்கள் கஷ்டம்தான். கந்தூரி விருந்தன்று எங்களுக்கு நடந்ததை ஒரு வரி எழுதினீர்களா? ஊர் கூடி இருக்கிற பள்ளிவாசல். உங்களைப் பள்ளியை நடத்துகிற மரைக்கார்மாரோடு ஒரே சஹனில் உட்கார வைத்தது என் காக்கா. அவர் நம் வம்சக் குடிக்கு மரைக்காராகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. நீங்கள் எழும்பிப் பின்பக்கம் போனீர்கள். திரும்பி வரும்போது முகம் சுண்ணாம்பு மாதிரி, சட்டை நனைந்து, கால் பின்னிப் பின்னி. ஆறு பேர் கை வைத்துச் சாப்பிடுகிற அந்தத் தட்டிலேயே வாந்தி எடுத்தீர்கள். பெண்கள் பக்கத்துக்குச் செய்தி வர எவ்வளவு நேரம் ஆகும்? என் பக்கத்தில் இருந்தவர்கள் தங்கள் சோற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஒருத்தி கூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு மட்டுமா? கதைத்துக்கொண்டு இருக்கும்போதே எழும்பிப் போவீர்கள். வேலிக்குப் பின்னால் நெடுநேரம். வரும்போது கண் சிவந்திருக்கும், வாயில் கராம்பு. என்ன என்று கேட்டால் எரிந்து விழுவீர்கள். கராம்பு எதற்கு மச்சான்? ஓங்காளத்துக்கு என்று சொன்னீர்கள். அதைச் சாராயக் கடைக்குப் போகிறவர்களும் சப்புகிறார்கள் என்று காக்கா சொல்கிறார். சுபைறாவை வகுப்பில் குடிகாரன்ட மகள் என்கிறார்களாம். ஒன்பது வயதுப் பிள்ளை. ஐந்து நாள் பள்ளிக்கூடம் போகவில்லை.

எனக்குச் சீதனமாக இந்த வீட்டைக் கட்டி முடிக்கக் காக்கா முப்பத்தாறு வயது வரை கலியாணம் முடிக்காமல் இருந்தார். வாப்பா மௌத்தான பிறகு எனக்கு வாப்பாவும் அவர்தான். பத்துப் பேருக்கு முன்னால் அவர் ஒன்று சொன்ன பிறகு நான் எப்படி வேறொன்று சொல்வேன்?

போத்தலில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லச் சொல்லாதீர்கள்.

ஸம்ஸியா

உங்கள் சாரன்களையும் மழைக் கோட்டையும் பாத்தும்மா மச்சியிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன்.


சம்மாந்துறை
28.04.1981

ஸம்ஸியாவுக்கு,

முடிந்தது. உனக்கும் எனக்கும் இடையில் இனி ஒன்றும் இல்லை என்று காதியாரின் புத்தகம் சொல்கிறது.

காதியார் நல்ல மனிதர், இரண்டு தரம் கேட்டார். "புள்ள, போத்தல்ல சாராய வாடை இருந்திச்சா, இல்லையா?" நீ முக்காட்டை இழுத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தாய். உன் காக்கா உனக்காக "ஓம்" என்றார். நீ அவரைத் திருத்தவில்லை. காதியார் எழுதிக்கொண்டார்.

போன கிழமை விதைப்புக் கூட்டத்தில் விதானை வேலையும் போய்விட்டது. குடிகாரன் கையில் மதகுத் திறப்பைக் கொடுக்க முடியாது என்று ஒருவர் எழும்பிச் சொன்னார். அவர் வயலுக்குக் கடைசிக் கண்டம் வரை தண்ணீர் போகாத வருடம் ஒன்றுகூட இல்லை, நான் இருந்த காலத்தில். நாவிதன்வெளியில் கந்தப்போடி தன் வயலில் கூலி வேலை தருகிறார். அவரோடு இரண்டு போகம் வரம்புச் சண்டை பிடித்தவன் நான். அவர்தான் கூப்பிட்டார்.

இனி எழுத மாட்டேன். சுபைறாவுக்கு ஸலாம் சொல். வாங்குவாளோ தெரியாது.

காலிதீன்


கொழும்பு
12.07.1981

ஸம்ஸியாவுக்கு,

எழுத மாட்டேன் என்று சொன்னவன் எழுதுகிறேன். இதை நீ உன் காக்காவுக்கும் வாசித்துக் காட்டலாம். நான் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். நோன்பு பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பக்கத்து வாட்டிலிருந்து, விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்புகிறவர்களின் சத்தம் கேட்கும்போதுதான் மனது சரியில்லாமல் போகிறது.

மே மாதம் வயலில் விழுந்தேன். மதகடியில் ஒதுங்கிவிட்டு எழும்பினேன், அவ்வளவுதான் ஞாபகம். கந்தப்போடி என்னை டிரக்டரில் ஏற்றி அம்பாறைக்குக் கொண்டுபோனார். அங்கே குடிவெறி என்று எழுதப் போனார்களாம். கந்தப்போடி விடவில்லை. "வாயை மணந்து பாருங்க டாக்டர். இந்த மனுசன் ஒண்டுக்குப் போய் எழும்பினாத்தான் இப்பிடி வாற. நான் மூண்டு தரம் கண்டிருக்கன்" என்று சண்டை பிடித்திருக்கிறார். அந்த ஒரு வசனத்தால்தான் நான் கொழும்புக்கு அனுப்பப்பட்டேன். வரம்புக்காக என்னோடு மண்வெட்டி தூக்கிய மனிதன் அதைச் சொன்னார். நான் சொல்லி நீங்கள் யாரும் கேட்காத அதே வசனம்.

இங்கே ஓர் இளம் டாக்டர் சிரிக்காமல் கேட்டார். பெய்வதற்கு முன்னா, பின்னா? எவ்வளவு நேரம்? பிறகு நர்ஸ் மிஸ்ஸியை அழைத்து, நான் போவதற்கு முன்னும் பின்னும் பிரஷர் பார்க்கச் சொன்னார். முன்னால் நூற்று ஐம்பது. பின்னால் இருநூற்று அறுபது. மிஸ்ஸி யந்திரம் பழுது என்று ஓடிப்போய் வேறொன்று கொண்டுவந்தார். அதிலும் அதே கணக்கு. ஸம்ஸியா, நான் அந்தக் கட்டிலில் கிடந்து, தலை வெடிக்கிற வலியோடு, அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.

டாக்டர் விளங்கப்படுத்தியதை எழுதுகிறேன். சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறதாம். பயம், கோபம் வந்தால் அதிலிருந்து அட்ரினலின் என்று ஒரு வகைச் சாறு இரத்தத்தில் கலக்கும். அது இரத்தக் குழாயை நெருக்கும், நெஞ்சை அடிக்க வைக்கும், பிரஷரை ஏற்றும். மூத்திரப்பையின் வாயை இறுக்கிப் பிடிப்பதும் அந்த வகைச் சாறுதானாம். பயந்தவனுக்குச் சில நேரம் மூத்திரம் வராமல் நின்றுபோவது அதனால்தான். ஆபத்து நேரத்தில் ஓடவும் சண்டை பிடிக்கவும் அல்லாஹ் வைத்த ஏற்பாடு. எனக்கு என்னவென்றால், அதே சாற்றைச் சுரக்கிற ஒரு கட்டி மூத்திரப்பையின் சுவரிலேயே வளர்ந்திருக்கிறது. பை நிரம்பினாலும் சுருங்கினாலும் கட்டி நெரிபட்டு, சாறு மொத்தமாக இரத்தத்தில் கொட்டும். நான் மதகைத் திறக்கிற ஒவ்வொரு தரமும் எவனோ ஒருவன் மேல் வாய்க்காலை உடைத்துவிடுகிறான் என்று வைத்துக்கொள். வயலுக்கு அது தாங்காது.

நடுக்கம், வேர்வை, வெளிறின முகம், ஓங்காளம், எரிந்து விழுவது எல்லாம் அந்தச் சாற்றின் வேலை. குடித்தவனும் பயந்தவனும் வெளியே ஒரே மாதிரித்தான் தெரிவார்கள் என்று டாக்டர் சொன்னார்.

நிச்சயப்படுத்த, வாழைப்பழமும் கோப்பியும் இல்லாமல் வைத்திருந்து, ஒரு முழு நாள் மூத்திரத்தையும் ஒரு பெரிய போத்தலில் சேர்த்தார்கள். இருக்க வேண்டியதைப் போல ஆறு மடங்கு சாறு அதில் இருந்ததாம். ஒரு போத்தல் என்னை வீட்டை விட்டு இறக்கியது. இன்னொரு போத்தல் எனக்காகச் சாட்சி சொல்லியிருக்கிறது.

பெருநாள் முடிந்து ஒபரேஷன். கட்டியைத் தொடும்போது பிரஷர் எகிறி ஆள் போய்விடக்கூடும் என்பதால், பல கிழமையாகக் குளிசை தந்து அடக்கி வைத்திருக்கிறார்கள். அதனால் மூக்கடைப்பும் தலைச்சுற்றும்தான். தப்பினால் அல்லாஹ்வின் கிருபை. தப்பாவிட்டால் இந்தக் கடிதத்தைச் சுபைறாவுக்காக வைத்துக்கொள்.

காலிதீன்


கல்முனைக்குடி
25.07.1981

மச்சானுக்கு,

கடிதத்தைக் காக்காவுக்கு வாசித்துக் காட்டவில்லை. எனக்கே மூன்று நாள் எடுத்தது, முழுக்க வாசிக்க. சஹனும் சட்டையும் என்று நான் எழுதிய கடிதத்தை நினைத்தால் கை கூசுகிறது. பிடரியில் உலக்கை விழுந்த மாதிரி வலியோடு நீங்கள் நின்ற நேரங்களில் நான் கராம்பை எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

நோன்போடு ஒரு பொய்யையும் வைத்திருக்க முடியவில்லை. சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒபரேஷன் மேசைக்குப் போகுமுன் இது உங்களுக்குக் கிடைக்க வேண்டும்.

கந்தூரியன்று பின்னேரம் காக்கா போத்தலைக் குசினியில், அம்மிக்குப் பக்கத்தில், கொண்டுவந்து வைத்தார். "பார், உன் மாப்பிள்ளட சாமான்" என்றார். அவர் முன் பக்கம் போனதும் நான் மூடியைத் திறந்தேன். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மணந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. உள்ளங்கையில் ஊற்றி நாக்கில் வைத்தேன். நம் கிணற்றுத் தண்ணீர், மச்சான். அந்தக் கிணற்றின் லேசான உப்பை எனக்குத் தெரியாதா, பிறந்ததிலிருந்து குடிக்கிறேன்.

அப்போதே முன் பக்கம் போய்ச் சொல்லியிருக்கலாம். நான்கைந்து மரைக்கார்மார் உட்கார்ந்திருந்தார்கள். காக்கா அவர்களிடம், இந்தக் குடும்பத்தில் இப்படி ஓர் இழிவு என்று சொல்லிக்கொண்டு இருந்தார். இடையில் போய், இல்லைக் காக்கா, நீங்கள் சொல்வது பிழை என்று சொல்ல வேண்டும். கதவு நிலை வரை போனேன். அந்த நிலையை அவர் சவளக்கடையில் மரம் வாங்கி வந்து தானே இழைத்தவர். அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு திரும்பி வந்து போத்தலை நெல்லுப் பெட்டிக்குள் ஒளித்தேன்.

இன்றைக்குத் தண்ணீர் என்றால் மற்ற நாளும் தண்ணீரா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனது ஆறுதல் தேடினால் எதையும் கண்டுபிடிக்கும். காதியார் கேட்டபோது நான் பொய் சொல்லவில்லை என்றும் சொல்லிக்கொண்டேன். வாய் திறக்காமல் இருந்தால் அது பொய் இல்லையாம். இப்போது தெரிகிறது, நான் சொன்னதிலேயே பெரிய பொய் அதுதான்.

கொழும்புக்கு வர நினைத்தேன். நமக்குள் ஒன்றும் இல்லாத நிலையில் எந்த முறையில் வருவது? உங்களுக்காகத் துஆ கேட்கிறேன். அதைக் கேட்கவும் எனக்கு உரித்து இருக்கிறதோ தெரியவில்லை.

ஸம்ஸியா


கொழும்பு
19.08.1981

ஸம்ஸியாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். கட்டியை எடுத்துக் காட்டினார்கள், ஒரு கொட்டைப்பாக்கு அளவுதான். இவ்வளவு சின்ன சாமானா என் குடும்பத்தைப் பிரித்தது என்று கேட்டேன். டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குழாயைக் கழற்றிய பிறகு முதல் தரம் தானாகப் போனபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முடிந்தது. நெஞ்சு அடிக்கும் என்று காத்திருந்தேன், அடிக்கவில்லை. தலை வலிக்கும் என்று காத்திருந்தேன், வலிக்கவில்லை. வெளியே நின்ற அட்டெண்டன் கதவைத் தட்டி என்ன செய்கிறீர்கள் என்று கேட்கும் வரை அங்கேயே நின்று அழுதேன். மூத்திரம் பெய்துவிட்டு அழுத நாற்பது வயது மனிதன் ஊரில் நான் ஒருவனாகத்தான் இருக்கும்.

உன் கடிதம் ஒபரேஷனுக்கு முதல் நாள் வந்தது. அதில் எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. நான் அன்று கிணற்றடியில்தான் இருந்தேன், வாந்தியைக் கழுவிக்கொண்டு. குசினி ஜன்னல் திறந்திருந்தது. நீ மூடியைத் திறந்ததையும் மணந்ததையும் நாக்கில் வைத்ததையும் பார்த்தேன். சரி, ஸம்ஸியாவுக்குத் தெரிந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைத்துக்கொண்டு முகத்தைத் துடைத்தேன். அந்த நிம்மதி சரியாகக் கால் மணி நேரம் இருந்தது. அதற்குப் பிறகு உன் காக்கா என்னை வெளியே போகச் சொன்னார், நீ உள்ளே இருந்தாய்.

மார்ச் மாதம் எழுதிய கடிதத்தில் ஒரு வார்த்தை கேட்டேனே, அது உனக்குத் தெரியும் என்று தெரிந்துதான் கேட்டேன். அதை நீயாகவே சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வியாதியை விட அந்தக் காத்திருப்புத்தான் என்னை அதிகம் தின்றது.

மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நீ காக்காவுக்கு அஞ்சினாய், நான் அதை விளங்கிக்கொள்கிறேன். ஆனால் பேனை அந்த இடத்துக்கு வந்ததும் நிற்கிறது. பொய்யாக எழுத விருப்பமில்லை. அந்த வீட்டுக்கு இனி நான் வர மாட்டேன். புதிதாக நிக்காஹ் செய்ய வழி இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்ல வர வேண்டாம், எனக்கும் தெரியும்.

ஒன்று மட்டும் செய். காதியாரிடமோ பள்ளிவாசலிலோ நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். சுபைறாவிடம் சொல். அவள் வாப்பா குடிகாரன் இல்லை என்று நான் சொன்னால் அது நான் சொன்னது. நீ சொன்னால் அவள் நம்புவாள்.

அடுத்த மாதம் முதல் கிழமையில் சம்மாந்துறைக்கு வந்துவிடுவேன்.

காலிதீன்


கல்முனைக்குடி
10.09.1981

மச்சானுக்கு,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருவது சுபைறா. நாளைக்கு வெள்ளிக்கிழமை, சனியும் பள்ளிக்கூடம் இல்லை. பாத்தும்மா மச்சி வந்து கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார்.

முதலில் காக்காவிடம் சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொன்னேன். உங்கள் ஆஸ்பத்திரிக் கடிதத்தையும் வாசித்துக் காட்டினேன். தேத்தண்ணீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு, "நீ வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பன், புள்ள" என்றார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவருக்கு நான் அஞ்சியதும் வீண், நீங்கள் காத்திருந்ததும் வீண். நான்கு அடி தூரம்தான் இருந்தது, அந்தக் கதவு நிலையிலிருந்து. இந்த மாதம் மரைக்கார் கூட்டத்துக்கு அவர் போகவில்லை. உங்களிடம் வந்து கதைக்க வேண்டும் என்கிறார். நீங்கள் சம்மதித்தால் மட்டும் வருவார்.

சுபைறாவிடம் செவ்வாய்க்கிழமை சொன்னேன். நெல்லுப் பெட்டியிலிருந்து போத்தலை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு எல்லாம் சொன்னேன். வாப்பாவின் வியாதி என்ன, சாறு என்ன, கட்டி என்ன, அதில் இருந்தது நம் கிணற்றுத் தண்ணீர் என்று. டாக்டர் சொன்னதை எல்லாம் உங்களைப் போலவே மதகு வைத்து விளங்கப்படுத்தினேன். பிள்ளை நன்றாகக் கேட்டுக்கொண்டு இருந்தாள். எல்லாம் முடிந்ததும் கேட்டாள்.

"அப்ப ஏன் உம்மா நீங்க அண்டைக்கே சொல்லல்ல?"

காக்கா என்று சொல்லப் பார்த்தேன். வீடு என்று சொல்லப் பார்த்தேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு முன்னால் அது ஒன்றும் வாயில் நிற்கவில்லை. அவள் எழும்பினாள். பிறகு போத்தலை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். தண்ணீர் நிரப்பி மூடி, உடுப்புப் பைக்குள் வைத்திருக்கிறாள். உங்களுக்காம். அன்றிலிருந்து என்னோடு கதைப்பது குறைவு. கேட்டதற்கு ஓம், இல்லை, அவ்வளவுதான்.

உங்கள் தலையணை உறையையும் அவள் பையில் வைத்திருக்கிறேன். அவள் இரவில் சோறு குறைவாகத்தான் சாப்பிடுவாள், வற்புறுத்த வேண்டாம்.

அந்தக் கேள்வியை அவள் உங்களிடமும் கேட்பாள். நீங்கள் எதைச் சொன்னாலும் சரி. உம்மா இன்ன காரணம் சொன்னாள் என்று மட்டும் சொல்லாதீர்கள். உம்மா ஒன்றும் சொல்லவில்லை.

ஸம்ஸியா